மூன்றாம் ரைபிள் சீசன், என் முதல் எல்க்: இரண்டாம் நாளே சுட்டிருக்க வேண்டுமா?

#1 அரோரா அண்ணாச்சி

போன நவம்பரில் கொலராடோவின் தென்மேற்கு மூலையில், சான் வான் மலையில், எல்க் வேட்டைக்குப் போய் வந்தேன். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். இதில் எனக்கு ஒரு பஞ்சாயத்தும் தீர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். பெயரெல்லாம் வேண்டாம், லைன்மேன் என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவர். நானோ தூத்துக்குடிப் பக்கம். தூண்டில் போட்டதைத் தவிர வேறு வேட்டை தெரியாது. இரண்டு வருஷம் அவரோடு சுடும் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். 200 கெஜத்தில் ஒரு காகிதத் தட்டுக்குள் ஐந்து தோட்டாவும் விழ ஆரம்பித்த பிறகுதான் 'சரி, வா' என்றார்.

முதலில் பெயர்க் குழப்பம். ஐரோப்பாக்காரர்கள் எல்க் என்று சொல்வது மூஸை. நான் சொல்வது வாப்பிட்டி, நம் கடமானுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் உருவத்தில் அதைவிடப் பெரிசு. நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். இங்கே ஆணை 'புல்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் அது மேய்கிற புல்லாகிவிடும். அதனால் காளை, பெட்டை என்றே எழுதுகிறேன்.

கொலராடோவில் ரைபிள் வேட்டைக்கு நான்கு சீசன். முதலும் கடைசியும் குலுக்கல். நடுவில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பல பகுதிகளில் காளைக்கான அனுமதியைக் குலுக்கல் இல்லாமல் கடையிலேயே வாங்கலாம். மாநிலத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்தவருக்கு அறுபது எழுபது டாலர். வெளி மாநிலக்காரர் என்றால் 700-க்கு மேல். காளை என்றால் எந்தக் காளையும் இல்லை: ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு கிளை இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கு மேல் நீளும் முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்காமல் சுட்டால் நேராக அபராதம்.

டென்வரிலிருந்து வால்ஃப் கிரீக் கணவாய் வழியாக பகோசா ஸ்பிரிங்ஸ் போய், அங்கிருந்து மண் ரோட்டில் ஏறி, 8,500 அடி உயரத்தில் கூடாரம். கான்வாஸ் கூடாரம், உள்ளே விறகு அடுப்பு. அடுப்பு எரியும்வரை சொர்க்கம். ராத்திரி இரண்டு மணிக்கு அணைந்ததும் மூக்கு நுனி விறைக்கும். மைனஸ் பதினைந்து. எங்களுக்குக் கிழக்கே தெற்கு சான் வான் வில்டர்னெஸ் என்கிற காப்பு வனப்பகுதி. கொலராடோவின் கடைசி கிரிஸ்லி கரடி 1979-இல் செத்தது அங்கேதான். முதல் ராத்திரி ஒன்றுக்குப் போக வெளியே கிளம்பியபோதுதான் லைன்மேன் இந்தத் தகவலைச் சொன்னார்.

அவரிடம் கற்றவை நிறைய, எல்லாம் சின்னச் சின்ன விஷயம். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வை. பனிக்கட்டி மேலே கட்டும், மூடிப் பக்கம் உறையாது. ராத்திரி துப்பாக்கியைத் தோட்டா எடுத்துவிட்டு வண்டியிலேயே பூட்டி வை. கூடாரச் சூட்டுக்குள் கொண்டு வந்தால் காலையில் ஸ்கோப் கண்ணாடி மூடுபனி போட்டுக்கொள்ளும். போல்ட்டில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடு. குளிரில் அது பசையாகும், ஊசி மெதுவாக அடிக்கும். அப்புறம் குழல் வாயில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப். பனியில் விழுந்து எழுந்தால் குழலுக்குள் பனி போகாது. சுட்டால் தோட்டாவுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே டேப்பைக் கிழித்துவிடும், குறி மாறாது. அவர் பையில் டேப் சுருள் இல்லாத நாளே கிடையாது. கம்பத்தில் ஏறின பழக்கம்.

முதல் நாள் தடம் மட்டும். எல்க் குளம்பு மாட்டுக் குளம்பை விடச் சின்னது, ஏறக்குறைய நான்கு அங்குலம். ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தால் இப்போது போனது. விரலால் அழுத்தி உடையவில்லை என்றால் ராத்திரியே போய்விட்டது. நாங்கள் பார்த்ததெல்லாம் உடையவில்லை.

இரண்டாம் நாள்தான் பஞ்சாயத்து. பகலெல்லாம் ஒன்றும் இல்லை. மாலை நாலு மணிக்குக் காற்று மாறியது. மலையில் பகலில் வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி ஓடும், வெயில் சாய்ந்ததும் சரிவில் கீழே வழியும். நம் வாடை அதற்குப் போகாமல் இருக்க எந்த நேரம் எந்தப் பக்கம் நிற்பது என்பதில்தான் பாதி வேட்டை. அந்தக் காற்றை நம்பி ஒரு முகட்டுக்கு வேகவேகமாக ஏறினோம். எட்டிப் பார்த்தால் கீழே பள்ளம், ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காளை. பக்கத்துக்கு ஆறு கிளை. கொம்பு நுனிகள் வெள்ளையாக, தேய்த்து வைத்த பித்தளை விளக்குக் கொழுந்து மாதிரி. 260 கெஜம். மணி நாலு இருபது; சூரியன் மறைய நாற்பது நிமிஷம், சட்டப்படி அதற்கு மேல் இன்னும் அரைமணி. புதர் மறைத்ததால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து, ஊன்றுகோலில் துப்பாக்கியை வைத்து, பாதுகாப்பு லீவரை எடுத்துவிட்டேன்.

லைன்மேன் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பள்ளத்தைப் பார்த்தார். 'வேண்டாம்' என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். 'பள்ளம் ஆழம். விடு.' அவ்வளவுதான். காளை மேய்ந்துகொண்டே கறுப்பு மரங்களுக்குள் போய்விட்டது.

கூடாரத்துக்கு வந்து நான் சூப் குடிக்கவில்லை. அந்தக் கோபம்.

மூன்றாம் நாள் முழுக்கப் பனி கொட்டியது, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சீட்டாட்டம். பேச்சு குறைவு.

நான்காம் நாள் காலை வெயில். பனிக்குப் பிறகு எல்க் வயிற்றுப் பசியோடு வரும், புல் வெளியே தெரிகிற தெற்குச் சரிவுக்கு. எதிர்ச் சரிவில் என் பையைப் போட்டு அதன்மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்தேன். எட்டே முக்காலுக்கு மூன்று காளைகள் வரிசையாக வந்தன. இரண்டுக்குக் கொம்பு போதாது. மூன்றாவது சின்ன வயசுதான். இடது பக்கம் நான்கு, வலது பக்கம் ஐந்து என்று எண்ணினேன். லைன்மேன் பைனாகுலரில் எண்ணினார். அது தலையைத் திருப்பும்போதெல்லாம் மறுபடி எண்ணினோம். இருபது நிமிஷம். 190 கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. முன்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்தேன். சத்தம் எனக்குக் கேட்ட ஞாபகமே இல்லை. காளை அறுபது அடி ஓடி, சாய்ந்து கிடந்த மரங்களுக்கு நடுவில் விழுந்தது.

சரிவுக்குக் கீழ்ப்பக்கம், சொல்லவே வேண்டாம்.

பத்து மணிக்கு அனுமதிச் சீட்டின் அட்டையில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதிக் கட்டினேன். வயிற்றைக் கிழிக்காமலே வெட்டும் முறை: மேல்பக்கத் தோலை முதுகிலிருந்து உரித்து முன்காலைக் கழற்று, பின்தொடையைக் கழற்று, முதுகுக் கறியை நீளமாக எடு, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கை விட்டு உள்கறியை உருவு, உடம்பைப் புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே மாதிரி. கை மட்டும் சூடாக இருந்தது, காலெல்லாம் மரத்துவிட்டது. ஆண் என்பதற்கான உறுப்பு ஒரு தொடையோடு ஒட்டியே இருக்க வேண்டும், அது சட்டம். நான்கு கால், முதுகுக் கறி, உள்கறி, இதில் எதையும் விட்டு வரக்கூடாது, அதுவும் சட்டம். கடைசியில் லைன்மேன் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, மேல்தாடையில் இருக்கும் இரண்டு தந்தப் பல்லைப் பிடுங்கி என் கையில் வைத்தார். மங்கின பழுப்பு நிறத்தில் வழவழவென்று, புளியங்கொட்டை அளவு.

வண்டி நின்ற இடத்துக்கு இரண்டரை கிலோமீட்டர், நடுவில் 800 அடி ஏற்றம். அந்தக் காப்பு வனப்பகுதிக்குள் மோட்டார் மட்டும் இல்லை, சக்கரம் வைத்த எதுவுமே கூடாது, கைவண்டி உட்பட. இரண்டு பேர், முழங்கால் பனி, குழந்தைகள் சறுக்கும் ஒரு பிளாஸ்டிக் பலகை. ஏற்றத்தில் பலகை உதவி. முகட்டைத் தாண்டி இறக்கத்தில் அது என்னை முந்தப் பார்த்து, பின்னங்காலில் இடித்து, என்னைத் தன்மேலேயே உட்கார வைத்துக்கொண்டு நாற்பது அடி போனது. லைன்மேன் அந்த ஐந்து நாளில் சிரித்தது அப்போதுதான். கடைசி மூட்டை வண்டியில் ஏறும்போது ராத்திரி ஒன்பது நாற்பது.

வண்டியில் உட்கார்ந்து ஹீட்டர் போட்டதும் கணக்குப் போட்டேன். காலை ஒன்பதுக்குச் சுட்டதற்கு இந்த நேரம். இரண்டாம் நாள் நாலு இருபதுக்குச் சுட்டிருந்தால்? ஆனால் அந்த ஆறு கிளைக் காளை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உங்களிடம் கேட்பது இதுதான்: லைன்மேன் செய்தது சரியா? என் அனுமதி, என் துப்பாக்கி, என் தோட்டா.

#2 மொன்டானா மச்சான்

அண்ணாச்சி, லைன்மேன் காலில் விழுங்கள்.

பதினொரு வருஷம் முன்னால் இங்கே என் முதல் காளையை அக்டோபர் கடைசியில், பொழுது சாயும்போது சுட்டேன். இருட்டில் தடம் தவறிவிட்டது. 'குளிர்தானே, பனியிலேயே கிடக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று போய்ப் படுத்தேன். காலை ஏழு மணிக்குப் போய்ப் பின்தொடையைத் திறந்தேன். இடுப்பு மூட்டுப் பக்கம் கத்தி போனதும் ஒரு வாடை. அதை எழுத்தில் சொல்ல முடியாது. எல்க் தோலும் ரோமமும் கம்பளி மாதிரி. வெளியே மைனஸில் இருந்தாலும் எலும்பைச் சுற்றிய சூடு உள்ளேயே நின்று கறியைக் கெடுத்துவிடும். அவ்வளவு கனமான தொடை, சூடு வெளியே வர வழியே இல்லை. பாதிக் கறி போச்சு. பனி இருக்கிறது என்று நம்பினவன் எல்லாம் ஒருமுறையாவது இந்த வாடையை முகர்ந்திருப்பான்.

இங்கே எங்களுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. உங்களுக்கு 1979-ஓடு முடிந்துபோன ஆசாமி எங்களுக்கு நவம்பர் வரைக்கும் நடமாடுவார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் சாப்பாடு தயார் என்று வருகிற கிரிஸ்லிகள் உண்டு. ராத்திரி தலைவிளக்கோடு கறி வெட்டும்போது ஒருவர் வெட்ட ஒருவர் சும்மா நின்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

#3 குளிர்தாங்கி

எனக்கு ஒத்துவரவில்லை. மச்சான் சொன்னது தடம் தவறிப் போன கதை. அண்ணாச்சிக்கு 260 கெஜம், திறந்த இடம், நாற்பது நிமிஷ வெளிச்சம். விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். இறங்கி, தலைவிளக்கில் நான்கு காலையும் கழற்றி, துணிப்பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிட்டு வந்தால் காலைக்குள் கல்லாக ஆறியிருக்கும். எலும்பிலிருந்து பிரித்தால் சூடு தங்க இடமில்லை. அடுத்த மூன்று நாள் முழுக்க இருக்கிறது தூக்கி வர. இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

சரி, லைன்மேனுக்குப் பள்ளம் பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதை முகட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். 'இந்தப் பள்ளத்தில் இறங்கினால் சுடாதே' என்று காலையிலேயே பேசி வைப்பதுதான் முறை. விரல் ட்ரிகருக்குப் போன பிறகு தடுப்பது கூட்டாளிக்கு அழகில்லை. வயசில் பெரியவர் என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

#4 அரோரா அண்ணாச்சி

குளிர்தாங்கி, வண்டியில் ஏறுகிறவரை எனக்கும் இதே எண்ணம்தான். தொங்கவிடுகிற யோசனை நல்லதுதான், ஆனால் மறுநாள் முழுக்கப் பனி கொட்டியதே. பத்தடி தெரியாத பனியில் அந்தப் பள்ளத்துக்கு யார் இறங்குவது? அவருக்கு வானிலை முன்கூட்டியே தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். கேட்டதற்கு 'முழங்கால் சொன்னது' என்றார். கிண்டலா உண்மையா தெரியவில்லை.

மச்சான், அந்த வாடை விஷயம் தெரியாது. நன்றி.

#5 விசா விசாரம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹெச்-1பி-யில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று அலுவலகத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அண்ணாச்சி எப்படிப் போனீர்கள்?

#6 மொன்டானா மச்சான்

அண்ணாச்சிக்கு க்ரீன் கார்டு என்று நினைக்கிறேன், அவருக்குப் பிரச்சினை இல்லை. உங்களுக்குப் பதில்: பொதுவிதி நீங்கள் கேள்விப்பட்டதுதான். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் எழுதியிருக்கிறது: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை அனுமதி கையில் இருந்தால் அந்தத் தடை இல்லை. அனுமதி முடிந்த மறுநாளே விலக்கும் போச்சு, அதை மறக்கக் கூடாது. விசா விஷயத்தில் விளையாடாதீர்கள். நூறு டாலர் போனாலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

#7 அரோரா அண்ணாச்சி

க்ரீன் கார்டுதான். இன்னொன்று, கொலராடோவில் 1949 ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் பாடம் முடித்த அட்டை இல்லாமல் அனுமதி வாங்க முடியாது. நான் பாடம் படித்த வகுப்பில் பாதிப் பேர் பத்து வயதுப் பிள்ளைகள். பரீட்சையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வாண்டு என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம். அப்புறம் உடுப்பு: இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு, தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. பளீர் பிங்க்கும் செல்லும்.

#8 கீரைக்கட்டு

சட்டம், தொழில்நுட்பம், எல்லாம் அருமையாக எழுதுகிறீர்கள். நான் சைவம், அதனால் என் கேள்வி வேறு. பக்கத்துத் தெருக் கடையில் கறி கிடைக்கிறது. மைனஸ் பதினைந்தில் போய் ஒரு உயிரை எடுக்க வேண்டிய தேவை என்ன? விளையாட்டுக்குத்தானே?

#9 குளிர்தாங்கி

கடைக் கறி மட்டும் மரத்திலா காய்க்கிறது?

கொஞ்சம் வரலாறு பாருங்கள். 1900 வாக்கில் இந்த மாநிலத்தில் எல்க் ஏறக்குறையத் தீர்ந்தே போயிருந்தது. சந்தைக்கு விற்பதற்காகச் சுட்டுத் தள்ளியதுதான் காரணம். 1913, 1914-இல் யெல்லோஸ்டோனிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து எஸ்டஸ் பார்க்கில் விட்டார்கள். இன்று வட அமெரிக்காவிலேயே எல்க் அதிகமுள்ள மாநிலம் கொலராடோ, இரண்டரை லட்சத்துக்கு மேல். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து? வேட்டை அனுமதிக் கட்டணம், அப்புறம் 1937 சட்டப்படி ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி. ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் பொது வேட்டை கிடையாது, ஓநாயும் இல்லாமல் போயிற்று. எல்க் பெருகி ஓடைக்கரை வில்லோ, ஆஸ்பென் மரங்களை மொட்டையடித்ததில், 2008-இல் ஒரு திட்டம் போட்டு வேலி அடித்தார்கள், கொஞ்சத்தைச் சுட்டும் குறைத்தார்கள்.

#10 கீரைக்கட்டு

கணக்கெல்லாம் சரி, மறுக்கவில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டா அண்ணாச்சி மலை ஏறினார்? வரி கட்டுவதற்காக யாரும் துப்பாக்கி வாங்குவதில்லை. நான் கேட்டது அண்ணாச்சியிடம். இருபது நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, என்ன நினைத்தீர்கள்?

#11 அரோரா அண்ணாச்சி

நியாயமான கேள்வி. ஒரு நாள் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பத்து நிமிஷம்வரை கொம்பு எண்ணுவதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, அது கிளையா நிழலா என்று. எண்ணி முடித்த பிறகுதான் மிருகம் தெரிந்தது. மூக்கால் பனியைத் தள்ளிவிட்டுப் புல்லைக் கடித்தது, கடித்ததை மென்றுகொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தது. மூச்சு ஆவியாகப் போவது ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது. முதுகில் ராத்திரிப் பனி கரையாமல் கிடந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பொங்கலுக்கு முன்னால் வீட்டில் ஆடு வாங்கிக் கட்டுவார்கள், நான்தான் குழை ஒடித்துப் போடுவேன். அந்த ஆட்டின் முகம்தான் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றும் ஒரு நொடி தோன்றியது, மறைக்கவில்லை. அப்புறம் அது பக்கவாட்டில் திரும்பியது, சுட்டுவிட்டேன்.

விழுந்த இடத்துக்குப் போனபோது கண் திறந்தே இருந்தது. லைன்மேன் தொப்பியைக் கழற்றி, சும்மா நின்றார். நானும் நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், துக்கம் என்றும் சொல்ல மாட்டேன். வெட்ட ஆரம்பித்ததும் இரண்டுமே போய்விட்டது, அது வேலை. விளையாட்டா என்றால், ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு என் முதுகைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். தேவையா என்றால், இல்லை. கடையில் வாங்கலாம். வாங்கிக்கொண்டும் இருந்தேன், ஒருநாளும் அதன் முகத்தைப் பார்க்காமல்.

உங்களைச் சம்மதிக்க வைக்க எழுதவில்லை. கேட்டதற்குச் சொன்னேன்.

#12 கீரைக்கட்டு

சம்மதமில்லைதான். ஆனால் இதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. கறி சமைக்கும் பகுதி வந்தால் சொல்லுங்கள், அப்போது வெளியே போய்க்கொள்கிறேன்.

#13 கனடாக் கந்தையா

அல்பேர்ட்டாவில் இருந்து எழுதுகிறேன். அண்ணாச்சி, வாசிச்சு முடிக்கேக்க என்ர முழங்காலும் நொந்தது.

ஒரு விசயம் ஒருத்தரும் கேக்கேல்லை: என்ன தோட்டா? ஈயமா, செம்பா? ஈயத் தோட்டா உடம்புக்குள்ள போய்ச் சிதறும். எக்ஸ்-ரே எடுத்துப் பாத்தால் காயத்தைச் சுத்திப் பொட்டுப் பொட்டாய்த் தெரியும். நாங்கள் விட்டிட்டு வாற குடலையும் எச்சத்தையும் கழுகுகள் தின்னும், ஈயம் ஏறிச் சாகும். வீட்டில சின்னப் பிள்ளையள் சாப்பிடுற கறி வேற. நான் நாலு வருசமாய்ச் செம்புதான். விலை கூட, ஆனால் எலும்பில பட்டாலும் உடையாமல் போகுது. அல்பேர்ட்டாவில எல்க்குக்கு என்ர துப்பாக்கி முப்பது-நாட்-ஆறு ரகம்.

#14 அரோரா அண்ணாச்சி

வாங்கய்யா. எனக்கும் அதே முப்பது-நாட்-ஆறு, 165 கிரெய்ன் செம்புத் தோட்டா. லைன்மேன் ஈயக்காரர், 'என் அப்பா ஈயம், அவர் அப்பா ஈயம்' என்பார். நான் பிள்ளைகளைச் சொன்னதும் வாதாடவில்லை. நாங்கள் வெட்டி முடிக்கும் முன்பே இரண்டு மாக்பை பறவைகள் வந்து பக்கத்து மரத்தில் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்துவிட்டன. மறுநாள் கூடாரத்தைப் பிரிக்கும்போது தூரத்தில் கழுகு வட்டமிட்டது. செம்பு என்பதால் கொஞ்சம் நிம்மதி.

#15 மிளகுத்தூள்

கீரைக்கட்டு அண்ணா, வெளியே போகும் நேரம் வந்துவிட்டது.

கறி எத்தனை கிலோ வந்தது? எப்படிச் சமைத்தீர்கள்? என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ஒருவர் எல்க் கறி கொடுத்தார். ஆட்டுக்கறி மாதிரி நினைத்துக் குழம்பு வைத்தேன். செருப்புத் தோல்.

#16 அரோரா அண்ணாச்சி

அக்கா, எலும்பு நீக்கி 72 கிலோ. முதல் தடவை எங்களுக்கும் செருப்புத்தான்.

காரணம், இதில் கொழுப்பே இல்லை. இருக்கும் கொஞ்சத்தையும் வெட்டி எறிய வேண்டும், அது மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். அதனால் கறியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதுகுக் கறியும் உள்கறியும் வேகமாக: இரும்புக் கல் புகையும்வரை காய வேண்டும், மிளகும் உப்பும் தடவி, பக்கத்துக்கு மூன்று நிமிஷம், உள்ளே சிவப்பு இருக்கும்போதே எடுத்துவிடணும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிவப்பைப் பார்த்தால் ஆகாது, அவர்களுக்கு இதைப் போடாதீர்கள். கணுக்கால் கறி, கழுத்து, தோள்: இதெல்லாம் குக்கரில் முதலில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, அப்புறம் கறி, ஆட்டுக்கு ஆறு விசில் என்றால் இதற்குப் பன்னிரண்டு. கணுக்காலில் இருக்கும் நரம்பெல்லாம் கரைந்து, நல்லி எலும்புக் குழம்பு மாதிரி கையில் ஒட்டும்.

என் மனைவி கண்டுபிடித்ததுதான் உச்சம்: உப்புக்கண்டம். தொடைக் கறியை விரல் மொத்தத்தில் அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய் அரைத்துத் தடவி, இங்கே வெயில் நம்ப முடியாததால் டிஹைட்ரேட்டரில். அமெரிக்கர்கள் ஜெர்க்கி என்று செய்வதுக்கு அண்ணன் தம்பி முறை. லைன்மேனுக்கு ஒரு டப்பா கொடுத்தோம். அன்று சாயந்திரமே காலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு எச்சரிக்கை: மான் இனத்துக்கு மூளையைத் தின்னும் ஒரு நோய் உண்டு, சி.டபிள்யூ.டி. என்பார்கள். 1967-இல் முதலில் கவனித்ததே இந்த மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸில்தான். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான ஒன்றும் இல்லை, ஆனால் நோயுள்ள மிருகத்தின் கறியைத் தின்ன வேண்டாம் என்பதுதான் மருத்துவ அறிவுரை. சமைத்தாலும் அது சாகாது. வனவிலங்குத் துறை அலுவலகத்தில் தலையைக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தொடாமல் ஃப்ரீசரில் வைத்திருந்தோம். இல்லை என்று வந்த பிறகுதான் குக்கர் ஏறியது. யாராவது கறி கொடுத்தால் 'சோதித்தீர்களா' என்று கூச்சப்படாமல் கேளுங்கள் அக்கா.

#17 குளிர்தாங்கி

சமையல் போதும். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. என் ஓட்டு இன்னும் அண்ணாச்சிக்குத்தான். பள்ளம் ஒரு காரணமே இல்லை. எல்க் பள்ளத்தில்தான் இருக்கும், பார்க்கிங்கில் இருக்காது.

#18 மொன்டானா மச்சான்

அறுபத்திரண்டு வயசு முழங்காலோடு அந்தப் பள்ளத்தில் இறங்குகிறவன் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும் தம்பி. வேட்டையில் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் போதும். வேண்டும் என்பதற்குத்தான் இரண்டு பேர் தேவை.

#19 கனடாக் கந்தையா

லைன்மேனிட்டயே கேட்டால் என்ன? பக்கத்து வீடுதானே.

#20 அரோரா அண்ணாச்சி

கேட்டேன். நேற்று அவர் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார், நானும் மண்வெட்டியோடு போனேன். இந்த இழையில் நீங்கள் எழுதியதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். குளிர்தாங்கி சொன்ன 'பார்க்கிங்கில் இருக்காது' என்பதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், அவன் சொல்வது சரி என்றார்.

'அப்போ பள்ளம்?'

பள்ளம் இல்லையாம். அதைவிட ஆழமான பள்ளத்திலிருந்து எத்தனையோ முறை தூக்கியிருக்கிறாராம்.

'உன் குழல் வாயில் நான் ஒட்டின டேப்பைப் பார்த்தேன். இப்படிப் போய்க்கொண்டிருந்தது' என்று மண்வெட்டியின் கைப்பிடியால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். ஆரஞ்சுப் பழ அளவு. ஓடி ஏறிய மூச்சு எனக்கு அடங்கவே இல்லையாம், கையில் தடிமனான கையுறையோடு ட்ரிகரைத் தேடிக்கொண்டிருந்தேனாம். குழல் வாயில் அந்த வட்டம் என்றால் 260 கெஜத்தில் காளை முழுசும் வட்டத்துக்குள் அடங்கிவிடும். குடலில் பட்டிருக்கும், அல்லது காலில். இருட்டுகிற நேரத்தில் அடிபட்ட மிருகம் பள்ளத்துக்குள் ஓடியிருக்கும்.

'இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?'

'சொல்லியிருந்தால் நான்காம் நாளும் நடுங்கியிருப்பாய்.'

நான்காம் நாள் என்னைப் பையின்மேல் படுக்க வைத்தவர் அவர்தான், அரைமணி நேரம் முன்னாலேயே. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையில் சூட்டுப் பொட்டலத்தைத் திணித்தவரும் அவர்தான். அன்று நான் அதைக் குளிருக்காக என்று நினைத்தேன்.

#21 குளிர்தாங்கி

ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் ஜோக் அவருக்குப் பிடித்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

#22 மிளகுத்தூள்

அடுத்த வருஷம் போகிறீர்களா அண்ணாச்சி?

#23 அரோரா அண்ணாச்சி

முதல் சீசன் குலுக்கலுக்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பிக்கிறோம், ஏப்ரல் முதல் செவ்வாய்தான் கடைசி நாள். அதுவரை வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்: தினமும் சாயந்திரம் மாடிப்படி பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். மூச்சு வாங்கும்போதே உட்கார்ந்து, தோட்டா இல்லாத துப்பாக்கியை நிலவறைச் சுவரில் இருக்கும் ஒரு ஆணித் தலையில் குறி வைத்து, டேப் ஆடுவது நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம் ட்ரிகர். டேப்பை அவரே வந்து ஒட்டிவிட்டுப் போனார். நேற்று ஏழு தடவையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.